பதுளைக்காரரின் சட்டையில் ஓர் ஆட்டம்

"காக்கா, நீங்க அந்த நாளில எந்த இடத்தில நிண்டு விளையாடின?" என்று போன கிழமை பஸ் டிப்போவில் ஒரு தம்பி என்னை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

டிப்போவுக்குப் பின்னால் கூடைப்பந்துக்குப் புதிதாகத் தளம் கட்டியிருக்கிறார்கள். கோடெல்லாம் மஞ்சள் வர்ணத்தில் அழகாக இருக்கிறது. இப்போது ஆளுக்கு ஓர் இடம் என்று பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பின்னால் காவல் நிற்கிறவர் முன்னால் வருவதில்லை. முன்னால் நின்று எறிகிறவரைப் பின்னால் போய் மறிக்கச் சொன்னால் முகம் கறுத்துப் போகிறது. அதனால்தான் அந்தத் தம்பிக்கு இப்படியொரு கேள்வி வந்திருக்கிறது.

"பேசில் ஐயா நிப்பாட்டின இடத்தில" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். பேசில் ஐயா யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. எழுதித் தாருங்கள், தளத்தின் திறப்பு விழா மலரில் போடுகிறோம் என்றார்கள். சரி என்று ஒத்துக்கொண்டேன்.

என் பெயர் மீராலெவ்வை. ஊர் ஏறாவூர். மட்டக்களப்பில் ஒரு பஸ் கொம்பனியில் கொண்டக்டராக இருந்தேன். பிறகு கொழும்பில் ஒரு கொம்பனியின் களஞ்சியத்தில் இருந்தேன். இரண்டு இடத்திலும் எனக்குச் சம்பளம் கொடுத்தது டிக்கெட் கிழித்ததற்கும் மூட்டை அடுக்கியதற்கும் என்றுதான் வெளியில் பேச்சு. உண்மையில் பந்து விளையாடியதற்குத்தான் கொடுத்தார்கள். இதை இப்போது யாரும் நம்புவதில்லை. அப்போது என் வாப்பாவும் நம்பவில்லை. "பந்து எறியிறத்துக்கு ஒருத்தன் சம்பளம் தருவானா? அவனுக்கு நீ வேற என்ன வேலை செய்து குடுக்கிறாய், உள்ளதைச் சொல்லு" என்று மவுத்தாகும் வரைக்கும் சந்தேகத்தோடேயே இருந்தார்.

விளையாட்டை நான் பள்ளிக்கூடத்தில் படித்தவனல்ல. உலக யுத்த காலத்தில் வெள்ளைக்கார விமானப்படை முகாம் ஒன்றில் குசினி வேலைக்குப் போனேன். அங்கே சீமெந்துத் தளம் போட்டு, இரண்டு கம்பம் நட்டு, பின்னேரங்களில் பந்தடிப்பார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல், இன்னொருவனுக்குக் காவல் முறை, மற்றவனை வேறு முகாமுக்கு அனுப்பியிருப்பார்கள். எப்போது பார்த்தாலும் ஓர் ஆள் குறையும். சட்டி கழுவிக்கொண்டிருக்கிற என்னைக் கூப்பிடுவார்கள். நெட்டையன் வராத நாளில் கூடைக்குக் கீழே நிற்பேன். ஓடுகிறவன் வராத நாளில் ஓடுவேன். யார் இல்லையோ அவனாக நான் நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் படிப்பு. யுத்தம் முடிந்து அவர்கள் கப்பலேறியபோது எனக்கு எல்லா இடமும் தெரிந்திருந்தது. எந்த இடத்திலும் நான் பெரிய வீரனல்ல.

பஸ் கொம்பனி முதலாளிக்குப் பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஆட்டம் நடக்கிற நாளில் வாழைச்சேனையிலிருந்தும் செங்கலடியிலிருந்தும் சனம் மட்டக்களப்புப் புளியந்தீவுக்கு வரும், வருகிற சனம் பஸ்ஸில் வரும் என்பது தெரியும். கராஜுக்குப் பின்னால், வாவிப் பக்கமாக, தளம் போட்டுக் கொடுத்தார். விளையாடத் தெரிந்தவர்களுக்கு வேலையும் கொடுத்தார். மற்றதெல்லாம் பேசில் ஐயாவின் பொறுப்பு.

பேசில் ஐயா கராஜின் பெரிய மெக்கானிக். பறங்கியர், புளியந்தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் போர்த்துக்கீசம் பேசுவார், எங்களோடு எங்களைப் போலத் தமிழ் பேசுவார். இளமையில் கொழும்பில் வேலை பழகப் போன இடத்தில் இந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவர். மெலிந்த ஆள். காக்கிக் காற்சட்டைப் பையில் எப்போதும் கை துடைக்கிற பஞ்சு இருக்கும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆட்டம் நடக்கும்போது கோட்டுக்கு வெளியே நின்று அந்தப் பஞ்சால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே இருப்பார். நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தாலும் அந்த வேகம் கூடாது, குறையாது.

ஆட்டத்துக்கு முன்னால் அவர் செய்கிறவற்றை அப்படியே சொல்கிறேன். முதலில் தளத்தைக் கூட்டி, நனைத்த சாக்கால் ஒருமுறை இழுக்க வேண்டும். வாவிக் காற்று கொண்டுவருகிற பொடி மணல் காலை வழுக்கி விழுத்தும். பிறகு பந்து. நெஞ்சளவு உயரத்திலிருந்து விட்டுவிட்டு, அது எழும்புகிறதைப் பார்க்காமல் தலையைச் சரித்துச் சத்தத்தைக் கேட்பார். காற்றுக் குறைவென்றால் ஊதித் தோல் வாரை இழுத்துக் கட்டுவார். அந்தக் காலத்துப் பந்துக்கு வார் முடிச்சு உண்டு. முடிச்சு கையில் படுகிற பக்கம் பந்து கோணலாகப் போகும். அடுத்தது கூடை வலை. வாவியில் மீன் பிடிக்கிற ஆக்களிடம் சொல்லி முடைவித்த வலை அது. இழுத்துப் பார்த்து, அறுந்த கண்ணைத் தானே முடிவார். கடைசியாக எங்கள் கைகள். வரிசையில் நின்று நீட்ட வேண்டும். நகம் வளர்ந்திருந்தால் பேசாமல் கத்திரியை எடுத்துத் தருவார். "மத்த ஆளைக் கீறாம விளையாடுங்க, அவனும் நாளைக்கு வேலைக்குப் போகவேணும்" என்பார்.

ஆட்டம் முடிந்த பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்விதான். "எங்கயும் நோகுதா?" வெற்றியென்றாலும் அதுதான், தோல்வியென்றாலும் அதுதான்.

எங்கள் கூட்டத்தில் பெரிய ஆட்டக்காரன் தங்கராசா. செங்கலடிப் பொடியன், என் வயது. அவன் றைவர், நான் கொண்டக்டர், இரண்டு பேரும் ஒரே பஸ். இடது மூலையில் பந்து அவன் கைக்குப் போனால் சனம் எழும்பி நிற்கும். பெரும்பாலும் கூடைக்குள்தான் விழும். என்னை யாரும் எழும்பி நின்று பார்த்ததில்லை. அதில் எனக்குக் குறையும் இருந்ததில்லை. ஒருமுறை திருகோணமலையில் எங்கள் நெட்டையனுக்கு வயிற்றுக்கு ஆகாமல் போக, என்னைவிடத் தலை உயர்ந்த துறைமுகக்காரன் ஒருவனுக்கு முன்னால் நடுவில் என்னை நிறுத்தினார் பேசில் ஐயா. "உயரத்தால ஏலாது. அவன் குதிக்கிறத்துக்கு முந்திக் கால் வைக்கிற இடத்தில நீ நில்லு" என்றார். முழு ஆட்டமும் அவன் கால் வைக்கிற இடத்தில் நின்றேன். அவன் என்மீது மோதி மோதிப் பிழைகள் சேர்த்து வெளியே போனான். நாங்கள் வென்றோம். தங்கராசாவைத் தோளில் தூக்கினார்கள்.

தங்கராசா எனக்கு எப்படிப்பட்ட கூட்டாளி என்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருகிறது விளங்காது. நோன்பு மாதத்தில் ஓர் ஆட்டம் வந்தது. நான் நோன்போடுதான் விளையாடினேன். பாதி ஆட்டத்தில் எல்லாரும் செவ்விளநீர் குடிக்கப் போனார்கள். அவன் போகவில்லை. என் பக்கத்தில் சீமெந்தில் குந்தியிருந்தான். "போய்க் குடி மச்சான், உனக்கென்ன நோன்பா?" என்றேன். "தாகமில்ல" என்றான். வாய் காய்ந்து உதடு வெடித்திருந்தது. ஆட்டம் முடிந்து நோன்பு துறக்கப் பாங்கு சொல்லும் வரைக்கும் அவன் ஒரு சொட்டுத் தண்ணீர் தொடவில்லை.

இனி அந்தப் பதுளை ஆட்டம்.

கொழும்பில் ஒரு பெரிய கொம்பனி சொந்தமாகக் கூடைப்பந்துக் குழு வைத்திருந்தது. ஊரூராகப் பார்த்து நல்ல ஆட்டக்காரருக்கு நிரந்தர வேலை கொடுத்துக் கூட்டிக்கொண்டு போவார்கள். தங்கராசாவைப் பற்றிக் கேள்விப்பட்டு, அந்தக் கொம்பனியின் பெரியவர் ஒருவர் ரயிலில் வந்து இறங்கினார். பதுளைக் குழுவோடு நாங்கள் ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்கத்தான் அந்த நாளைத் தெரிந்தெடுத்து வந்திருந்தார். தங்கராசாவுக்குத் தகப்பன் இல்லை. தமக்கைக்குக் கல்யாணம் பேசி, மாப்பிள்ளை வீட்டார் ஓம் என்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்த நேரம். கொழும்பில் நிரந்தர வேலை என்று ஒரு சொல் போனால் அந்தக் காரியம் முடிந்துவிடும். அன்று காலையில் பஸ்ஸை எடுக்கும்போதே அவன் மனம் வேறெங்கோ இருந்தது. கியர் போடுகிற சத்தத்தில் எனக்குத் தெரிந்தது.

பின்னேரம், அஸர் தொழுகை முடிந்து நான் வந்தபோது தளத்தைச் சுற்றிச் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. ஆனால் ஆட்டம் தொடங்கவில்லை. பதுளைக்காரர் மலையிலிருந்து லொறியில் வந்திருந்தார்கள். வருகிற வழியிலேயே ஒருவனுக்குக் குளிர் காய்ச்சல். இன்னொருவன் செங்கலடியில் தேநீர் குடிக்க இறங்கியபோது கால் பிரண்டு, கணுக்கால் ஈரப்பலாக்காய் போல வீங்கியிருந்தது. விளையாட நாலு பேர்தான் மிச்சம். ஐந்து பேர் இல்லாமல் தொடங்க ஏலாது என்று மத்தியஸ்தர் சொல்லிவிட்டார்.

முதலாளி பதறிப்போனார். "எங்கட ஆக்களில ஒருத்தனைக் குடுங்க பேசில். கடைசியா நிக்கிற பொடியன் ஆரையும் குடுங்க. சனத்தைத் திருப்பி அனுப்ப ஏலாது" என்றார்.

பேசில் ஐயா ஒரு விரலைத் துடைத்து முடித்தார். பிறகு, "லெவ்வையைக் குடுப்பம்" என்றார்.

"லெவ்வையையா? அவன் எங்களுக்கு வேணுமே!"

"அவனைத்தான் எந்த இடத்திலயும் வைக்கலாம், முதலாளி. புதுக் கூட்டத்தில போய் நிண்டு விளையாட வேற ஆருக்கும் ஏலாது. விளையாடத் தெரியாத பொடியன் ஒருத்தனைக் குடுத்து நாங்க கூடை கூடையாப் போட்டா, அந்தக் கொழும்பு மனுசன் அதை ஆட்டம் எண்டு எடுக்குமா?"

என்னைத் தனியாகக் கராஜ் சுவரோரம் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு ஒரு கேள்விதான் இருந்தது.

"ஐயா, எங்கட ஆக்கள்ற விளையாட்டு எனக்குத் தெரியும். ஆரு எந்தக் கையால எறிவான், ஆருக்கு எந்தப் பக்கம் திரும்ப ஏலாது எண்டெல்லாம் தெரியும். அதையும் கொண்டு போறதா?"

"உன்னைத்தானே குடுக்கிறன்" என்றார் அவர். "பாதியை இஞ்ச வைச்சிட்டு மிச்சத்தை அனுப்ப ஏலுமா மனே? போனா முழுசாப் போ. ஏலாதெண்டா இப்பவே சொல்லு, ஆட்டத்தை நிப்பாட்டுவம்."

நான் ஏலாது என்று சொல்லவில்லை. காய்ச்சல்காரனின் சட்டையைக் கழற்றித் தந்தார்கள். பச்சைச் சட்டை, வியர்வையும் தைலமுமாக மணத்தது. பதுளைக் குழுவின் தலைவன் சிறிசேன, சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசுவார். "நீ எங்க நிக்கிறது?" என்று கேட்டார்.

"நீங்க சொல்ற இடத்தில."

அவர் தளத்தைப் பார்த்தார். இடது மூலையில் தங்கராசா கை கால் உதறிக்கொண்டு நின்றான். "அந்த மனுசன்தானே பெரிய ஆள்? நீ அவரைப் பிடி" என்றார்.

எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். இடது மூலையிலிருந்து எறிகிறதற்குக் கண் மூடித் திறக்கிற நேரம் முந்தி தங்கராசாவின் இடது தோள் கொஞ்சம் இறங்கும். அவனுக்கே அது தெரியாது. பந்து கூடைக்குள் விழுந்துகொண்டிருந்தபடியால் யாரும் அதைக் குறையாக நினைக்கவுமில்லை. தினமும் பக்கத்தில் நின்ற நான்தான் கண்டிருந்தேன். தோள் இறங்கும் அந்த நேரத்தில் கையைத் தூக்கினால் பந்து கையில் படும்.

முதல் தடவை அவன் மூலைக்கு வந்து பந்தை வாங்கினான். தோள் இறங்கியது. கையைத் தூக்கினேன். பந்து என் உள்ளங்கையில் பட்டு வெளியே போனது. சனம் கூச்சல் போட்டது. ஏறாவூர்ப் பக்கம் நின்ற கூட்டத்திலிருந்து என் கூடப்பிறந்த காக்காவின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. "டேய் லெவ்வை! எந்த ஊருச் சோறுடா திண்ட நீ?"

இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாம் தடவை அவன் பந்தை வாங்கவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, வாயசைக்காமல் சொன்னான்.

"மச்சான், அந்த மனுசன் பாத்துக்கொண்டிருக்கு."

"தெரியும்."

"கொஞ்சம் விடன். ரெண்டு எறிஞ்சிட்டு மறுகா நீ மறி. உனக்கென்ன, இவனுகள் நாளைக்கு லொறியேறிப் போயிருவானுகள். எங்கட அக்காட விஷயம் உனக்குத் தெரியும்தானே."

தெரியாதா? அந்த அக்கா கையால் எத்தனை நாள் சோறு தின்றிருக்கிறேன். கோட்டுக்கு வெளியே பேசில் ஐயாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, எப்போதும்போல் விரல் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் சிறிசேன பின்னால் திரும்பிப் பார்க்காமல் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். இடது மூலையில் நான் நிற்கிறேன் என்று முழுக்க நம்பி ஓடினார். அவருக்கு என்னைத் தெரிந்து ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அந்த முதுகைப் பார்த்த பிறகு எனக்கு வேறு விதமாக விளையாட வரவில்லை.

"ஏலாது மச்சான்" என்றேன்.

அவன் முகம் மாறியது. அதற்குப் பிறகு ஆட்டம் முடியும் வரைக்கும் அவன் என்னை ஓர் ஆளாகவே பார்க்கவில்லை. மோதினான், முழங்கையால் இடித்தான், கத்தினான். நான் அவனோடேயே ஓடினேன். அவனுக்குச் சில கூடைகள் விழுந்தன, விழாமல் விடுமா? ஆனால் சனம் பார்க்க வந்த தங்கராசா அன்று தளத்தில் இல்லை. கடைசியில் ஒரே ஒரு கூடையால் பதுளைக்காரர் வென்றார்கள். அந்தக் கூடையைப் போட்டது நானல்ல, சிறிசேன. அதையும் சனம் என் கணக்கில்தான் எழுதியது.

பேசில் ஐயா ஒவ்வொருவரிடமும் வந்தார். பதுளைக்காரர் பக்கம் நின்ற என்னிடமும் வந்தார். "எங்கயும் நோகுதா?"

"இல்ல ஐயா" என்றேன். அது பொய். விலா நொந்தது, அதைவிட மற்ற இடமெல்லாம் நொந்தது. அவர் சிறிசேனவின் கையைக் குலுக்கி, "எங்கட ஆளைத் திருப்பி எடுக்கிறன்" என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். கொழும்புப் பெரியவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேசனுக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் வழமைபோல அதே பஸ். அவன் றைவர், நான் கொண்டக்டர். முன்பு நாங்கள் போகிற வழியெல்லாம் சத்தமாகக் கதைத்துக்கொண்டு போவோம், பயணிகள் ஏசுவார்கள். இப்போது எங்களுக்குள் மணிக் கயிறு மட்டும்தான் பேசியது. ஒரு தரம் இழுத்தால் நிற்பான், இரண்டு தரம் இழுத்தால் போவான். தேநீர்க் கடையில் அவன் உள்ளே இருந்தால் நான் வெளியே குடிப்பேன். அவனுடைய அக்காவின் கல்யாணப் பேச்சும் ஆறிப்போனது. செங்கலடிச் சந்தியில் ஏறுகிற சனம் அவனுக்குக் கேட்கட்டும் என்றே என்னைப் பற்றிக் கதைத்தது. அவன் அதில் சேரவில்லை, தடுக்கவுமில்லை. கிழமைகள் போய் மாதமானது.

ஒருநாள் பேசில் ஐயா என்னைக் கராஜுக்குள் கூப்பிட்டார். கொழும்பிலிருந்து கந்தோருக்கு ரெலிபோன் வந்திருந்தது.

"அவங்களுக்கு உன்னை வேணுமாம்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "தங்கராசாவைப் பாக்கத்தானே அந்த ஐயா வந்தது?"

"ஓம். அவனைப் பாக்க வந்து உன்னைக் கண்டிட்டுப் போயிருக்கு. எறியிற ஆக்கள் அவங்களிட்ட நிறைய இருக்காம். எங்கயும் நிக்கிற ஆளில்லையாம்."

"நான் போகாட்டி அவனை எடுப்பாங்களா?"

"இல்ல. நானும் அதைக் கேட்டுப் பாத்தன். வேற ஊரில ஆரையும் தேடுவாங்க."

"அப்ப அவனுக்கு நான் என்னெண்டு இதைச் சொல்ற?"

பேசில் ஐயா பஞ்சைப் பைக்குள் வைத்தார். "அது விளையாட்டில்ல லெவ்வை. அதுக்கு எனக்குச் சொல்லித்தரத் தெரியாது."

அடுத்த நாள் வாழைச்சேனையில் பஸ் புறப்படுகிறதற்கு முன்னால், அவன் ஆசனத்துக்குப் பக்கத்தில் போய் நின்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. கொழும்பிலிருந்து என்னைக் கேட்டிருக்கிறார்கள், நான் போகப் போகிறேன், மற்றவர்கள் வாயால் நீ கேட்கக் கூடாது என்று சொன்னேன். நான் மணி அடிப்பதற்கு முன்பே அவன் பஸ்ஸை எடுத்தான்.

செங்கலடிக்குக் கொஞ்சம் தூரத்தில், ரோட்டின் இரண்டு பக்கமும் வயல்வட்டை. வேளாண்மை பச்சையாக நின்ற காலம். மனிதர் ஏறவோ இறங்கவோ இல்லாத அந்த இடத்தில் பஸ்ஸை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினான். இறங்கிப் பின் படிக்கு வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

"அண்டைக்கு என்னத்தைக் கண்ட நீ?" என்றான். "நான் எறியிறது உனக்கு முன்னுக்கே தெரிஞ்சிருக்கு. ஒவ்வொரு தரமும் தெரிஞ்சிருக்கு. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாக்கிறன், பிடிபடுதில்ல. என்னத்தைக் கண்ட?"

"தோள் இறங்குது" என்றேன்.

"எந்தத் தோள்?"

"இடது. எறியிறத்துக்கு முந்தி."

"பொய்."

"எறிஞ்சு காட்டு, சொல்றன்."

அவன் சுற்றிப் பார்த்தான். முன் ஆசனத்தில் ஒரு பெண் சந்தைக்குக் கொண்டுபோகிற பூசணிக்காயை மடியில் வைத்திருந்தாள். கேட்காமலே யன்னலுக்குள்ளால் கையை விட்டு எடுத்துக்கொண்டான். ரோட்டோரத்தில் நின்று, கூடை இருக்கிறதாக நினைத்து, தூக்கினான். தோளைத் தொட்டேன். "இந்தா, இப்ப." மறுபடி தூக்கினான். "இந்தா." மூன்றாம் முறை அவனே அந்த இடத்தில் நிறுத்தித் தோளைக் குனிந்து பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சின்னச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். பிறகு தோளை இறக்காமல் தூக்கிப் பழகத் தொடங்கினான். நான் முன்னால் நின்று மறித்தேன். பஸ்ஸுக்குள்ளிருந்த சனமெல்லாம் அந்தப் பக்கத்து யன்னலுக்கு வந்துவிட்டது. "டேய் பொடியன்மாரே, சந்தை முடியப்போகுது!" என்று ஒரு பெரியவர் கத்தினார். "என்ட பூசணிக்காய் உடைஞ்சிரும்!" என்று அந்தப் பெண் கத்தினாள். உடையவில்லை. துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். செங்கலடியிலிருந்து மட்டக்களப்பு வரைக்கும் அவன் கதைத்துக்கொண்டே பஸ்ஸை ஓட்டினான், பயணிகள் ஏசினார்கள்.

கொழும்பைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. நல்ல தளம், நல்ல சப்பாத்து, வேளைக்குச் சம்பளம். அங்கேயும் யார் வரவில்லையோ அவனுடைய இடத்தில் நின்றேன். முழங்கால் என்னைக் கைவிடும் வரைக்கும் நின்றேன். தங்கராசாவைக் கொழும்பு எடுக்கவில்லை. மட்டக்களப்பு முதலாளியே அவனைத் தலைமை றைவராக்கினார். அவன் அக்காவுக்கு வேறு இடத்தில் சம்பந்தம் வந்து, அடுத்த ஆவணியில் கல்யாணம் முடிந்தது. பந்தலுக்கு ஓலை கட்டியவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த வருஷம் எங்கள் கொழும்புக் குழு மட்டக்களப்புக்கு ஆட வந்தது. அதே தளம், அதே வாவிக் காற்று, பேசில் ஐயா அதே இடத்தில். எங்கள் தலைவர் என்னிடம் கேட்காமலே தங்கராசாவைக் காட்டி, "அவன் உன்னுடைய ஆள், நீ மறி" என்றார். அவன் ஊர்க்காரன் என்று அவருக்குத் தெரியும், கூட்டாளி என்று தெரியாது. நானும் சொல்லவில்லை.

அன்று தங்கராசாவை மறிக்கிறது பெரும்பாடாகிப் போனது. இருந்தாலும் கடைசி நிமிஷம் வரைக்கும் சமமாகவே வைத்திருந்தோம். பிறகு இடது மூலையில் அவனுக்குப் பந்து வந்தது. நான் முன்னால் நின்றேன். அவன் தோளைப் பார்த்தேன், அது இறங்கவில்லை. அவன் கண்ணைப் பார்த்தேன், அதிலும் ஒன்றும் தெரியவில்லை. பந்து கிளம்பிய பிறகுதான் கிளம்பியது என்று எனக்குத் தெரிந்தது. என்னால் குதிக்கக்கூடிய அளவுக்குக் குதித்தேன். விரல் நுனிக்கு மேலால் போய் வலைக்குள் விழுந்தது. விசில் ஊதியது. மட்டக்களப்பு வென்றது.

சனம் தளத்துக்குள் பாய்ந்து அவனைத் தூக்கியது. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சீமெந்தில் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், நல்லெண்ணத்தில்தான், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "லெவ்வை நல்ல மனுசன். கூட்டாளிக்காகக் கடைசியில விட்டுக் குடுத்திட்டான், பாத்தீங்களா?"

தோளில் இருந்த தங்கராசாவுக்கு அது கேட்டுவிட்டது. "இறக்குங்கடா என்னை" என்றான். இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த மனிதருக்கு நேரே வந்தான். அவ்வளவு கோபத்தில் அவனை நான் பதுளை ஆட்டத்தன்றுகூடக் காணவில்லை.

"ஆரு, இவனா? இவனா விட்டுக் குடுத்தவன்?" என்றான். "நான் கெஞ்சிக் கேட்டும் தராதவன் இவன். இண்டைக்குத் தருவானா?"

பிறகு குனிந்து, என் கக்கத்துக்குள் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினான்.